வெளியே முழங்கால், உள்ளே இதயம்: பீட் மராவிச் யார்? அவர் கதை ஏன் இன்னும் பேசப்படுகிறது?

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் கடைசியில் என்பிஏ அணிகள் பயிற்சி முகாமைத் தொடங்கும். சீசனின் முதல் ஆட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். ஆனால், ரசிகர்களின் பேச்சு அப்போதே சூடுபிடித்துவிடும். அந்தப் பேச்சில் இரண்டே கேள்விகள்தான். யாருக்குக் காயம்? யாருக்கு அணியில் இடம்?

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் முட்டிக்கொண்ட கதைதான் பீட் மராவிச்சின் கதை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் மலைக்க வைக்கும் அளவுக்குப் புள்ளிகளைக் குவித்தவர். என்பிஏ-வில் ஒரு சீசனின் அதிகப் புள்ளி எடுத்தவர். அப்படிப்பட்டவர் 1980-ல், புதிய சீசன் தொடங்குவதற்கு முன்பே, 33 வயதில் ஒதுங்கிக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற அணி அடுத்த சில மாதங்களில் கோப்பையைத் தூக்கியது. ஏழு வருடங்களுக்குப் பிறகு அவர் இறந்தபோதுதான், அவருடைய உடலில் இருந்த உண்மையான பிரச்சினை என்னவென்று உலகத்துக்கே தெரிந்தது. அது முழங்கால் இல்லை.

பிரீ சீசனில் அப்படி என்னதான் நடக்கும்?

கிரிக்கெட்டில் ஒரு தொடருக்கு முன்பு பயிற்சி ஆட்டம் நடக்கும் அல்லவா? கிட்டத்தட்ட அதேதான். பிரீ சீசன் ஆட்டங்களின் வெற்றி, தோல்வி எதுவும் புள்ளிப்பட்டியலில் சேராது. ஆனால், ஓரத்தில் நிற்கும் வீரர்களுக்கு அது வாழ்வா, சாவா பிரச்சினை.

இன்றைய விதிப்படி, சீசன் இல்லாத காலத்தில் ஓர் அணி 21 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சீசன் தொடங்கும்போது வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேர்தான் இருக்க முடியும். துணை லீகிலும் மாறி மாறி ஆடும் 'டூ வே' ஒப்பந்தத்தில் இன்னும் 3 பேர். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மராவிச் ஆடிய காலத்தில் இடங்கள் இதைவிடக் குறைவு.

இந்த நேரத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் அது அவருடைய தனிப்பட்ட வலி மட்டும் அல்ல. அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருகிறார். குணமாகித் திரும்பும்போது அந்த இடம் இருக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. நட்சத்திர வீரர்களுக்கு இந்தப் பயம் பொதுவாக வருவதில்லை. மராவிச்சுக்கு வந்தது.

அப்பாவின் கனவு

பீட் மராவிச் 1947 ஜூன் 22 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் அலிக்விப்பா என்ற இரும்பாலை ஊரில் பிறந்தார். அப்பா பிரெஸ் மராவிச், செர்பிய வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரும் தொழில்முறைக் கூடைப்பந்து வீரராக இருந்து, பிறகு கோச் ஆனவர். தன்னால் தொட முடியாத உயரத்தை மகன் தொட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. சிறு வயதிலிருந்தே மகனைச் செதுக்கத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பயிற்சிகளைப் பற்றிக் கேட்டால் இன்றும் ஆச்சரியமாக இருக்கும். கண்ணைக் கட்டிக்கொண்டு பந்தைத் தட்ட வேண்டும். சினிமா பார்க்கப் போனால் நடைபாதை ஓர இருக்கையில் உட்கார்ந்து, படம் ஓடும்போதே பந்தைத் தட்ட வேண்டும். அப்பா காரை ஓட்ட, மகன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிச் சாலையில் பந்தைத் தட்டிக்கொண்டே வர வேண்டும். காரின் வேகத்தை அப்பா கூட்டுவார், குறைப்பார். பந்து கையை விட்டுப் போகக் கூடாது. தூங்கும்போதும் பந்து பக்கத்தில்தான்.

சின்னப் பையன் என்பதால் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி எறியப் பலம் போதவில்லை. இடுப்புப் பக்கத்திலிருந்தே வீசுவார். உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடுவதுபோல இருந்ததால் 'பிஸ்டல்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அவர் 'பிஸ்டல் பீட்'தான்.

வீட்டுக்குள் நிலைமை அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. தாய் ஹெலன் குடிப்பழக்கத்தோடும் மனவேதனையோடும் நீண்ட காலம் போராடி, 1974-ல் தற்கொலை செய்துகொண்டார். குடி பீட்டையும் இளம் வயதிலேயே பிடித்துக்கொண்டது. மைதானத்தில் சிரித்துக்கொண்டே வித்தை காட்டிய அந்த இளைஞனுக்குள் இது எல்லாமே இருந்தது.

அந்த 3,667 புள்ளிகள் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

1966-ல் பிரெஸ் மராவிச், லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணிக்குக் கோச் ஆனார். மகனும் அங்கேயே சேர்ந்தார். அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி. மராவிச் அந்தத் தனி அணியில் ஆட, அப்பா நடத்திய பிரதான அணி 3 வெற்றி, 23 தோல்வி என்று தவித்துக்கொண்டிருந்தது. பிரதான அணியின் ஆட்டத்தைவிட முதலாண்டு மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

அடுத்த மூன்று சீசன்களில் அவர் ஆடியது 83 ஆட்டங்கள். எடுத்தது 3,667 புள்ளிகள். சராசரி ஓர் ஆட்டத்துக்கு 44.2. ஓர் ஆட்டத்தில் 30 புள்ளி எடுத்தாலே பெரிய செய்தியாகும் விளையாட்டு இது. அலபாமா அணிக்கு எதிராக 1970 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 69 புள்ளிகளும் எடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்போது கல்லூரிக் கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டு புள்ளிதான். சிக்ஸர் அடித்தாலும் நான்கு ரன்தான் என்றிருந்த காலத்தில் ஒருவர் சாதனை படைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023-ல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் அன்ட்வான் டேவிஸ் இந்தச் சாதனைக்கு மிக அருகில் வந்தார். ஐந்து சீசன்கள் ஆடி, 3,664 புள்ளிகளோடு நின்றார். மூன்று புள்ளி குறைவு. ஒரு வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அயோவா பல்கலைக்கழக வீராங்கனை கெய்ட்லின் கிளார்க் அந்த எண்ணைத் தாண்டினார். ஆண்கள் பிரிவில் மராவிச்சின் சாதனை இன்னும் அப்படியே இருக்கிறது.

சரி, அணி ஜெயித்ததா? முழுக்க இல்லை. மராவிச் ஆடிய மூன்று சீசன்களில் அணியின் கணக்கு 49 வெற்றி, 35 தோல்வி. நாட்டின் பெரிய கல்லூரித் தொடரான என்சிஏஏ போட்டிக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. தனி ஆளாக ஜொலிக்கிறார், அணியை ஜெயிக்க வைக்கத் தெரியவில்லை என்ற விமர்சனம் அப்போதே தொடங்கிவிட்டது. அது அவரைக் கடைசிவரை விடவில்லை.

கோடிகளோடு வந்த புதுமுகம்

1970 டிராஃப்டில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை மூன்றாவது ஆளாகத் தேர்வு செய்தது. ஒப்பந்தம் சுமார் 19 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் அது கனவிலும் நினைக்க முடியாத தொகை.

பிரச்சினையே அங்குதான் ஆரம்பித்தது. ஹாக்ஸ் ஒன்றும் தோற்றுக்கொண்டிருந்த அணி இல்லை. முந்தைய சீசனில் 48 ஆட்டங்களில் வென்று, தன் பிரிவில் முதலிடம் பிடித்திருந்தது. அதற்காக உழைத்த மூத்த வீரர்கள், இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஒரு புதுமுகம் தங்களைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குவதைப் பார்த்தார்கள். அந்த மூத்த வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், வந்தவர் வெள்ளையர். 1970-ன் அமெரிக்காவில் இந்த விஷயத்தை யாரும் கவனிக்காமல் விட முடியாது.

முக்கிய வீரரான ஜோ கால்ட்வெல் தனக்கும் அதற்கேற்ற சம்பளம் வேண்டும் என்றார். பேச்சு முடிவுக்கு வரவில்லை. அவர் போட்டி லீகான ஏபிஏ-வுக்குப் போய்விட்டார். ஒரு வீரர் உள்ளே வந்ததால் இன்னொருவர் வெளியே போக வேண்டியிருந்தது. 48 வெற்றி பெற்ற அணி, மராவிச்சின் முதல் சீசனில் 36 வெற்றிக்கு இறங்கியது. அவர் சராசரியாக 23.2 புள்ளிகள் எடுத்தும்கூடப் பழி அவர் தலையில்தான் விழுந்தது.

உடலும் ஒத்துழைக்கவில்லை. இரண்டாவது சீசனில் மோனோநியூக்ளியோசிஸ் என்ற வைரஸ் தொற்று ஆளை உருக்கிவிட்டது. 66 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது, சராசரியும் 19.3-க்கு இறங்கியது. பிறகு முகத்தின் ஒரு பக்கத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் பெல்ஸ் பால்சியும் வந்தது. இரண்டிலிருந்தும் மீண்டு, 1973-74 சீசனில் 27.7 என்ற சராசரியோடு ஆடினார். ஆனாலும் அந்த சீசன் முடிந்ததும் ஹாக்ஸ் அவரைக் கைமாற்றியது.

நியூ ஆர்லியன்ஸின் நாயகன்

1974-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்ற புத்தம்புது அணி உருவானது. லூசியானா மாநிலத்தின் செல்லப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தால் கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். அவருக்காக இரண்டு வீரர்களையும் பல டிராஃப்ட் தேர்வுகளையும் ஹாக்ஸுக்குக் கொடுத்தார்கள். எதிர்காலத்தையே அடகுவைத்து ஒருவரை வாங்கியதுபோலத்தான். முதல் சீசனில் ஜாஸ் வென்றது 23, தோற்றது 59. துணைக்கு ஆள் இல்லை.

அந்தத் துணையைத் தேடிய கதையும் சுவாரஸ்யமானது. 1976-ல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் மூத்த வீரர் கெயில் குட்ரிச்சை ஜாஸ் ஒப்பந்தம் செய்தது. அன்றைய விதிப்படி அதற்கு ஈடாக லேக்கர்ஸுக்கு டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. குட்ரிச்சுக்குக் குதிகால் தசைநாணில் காயம். முதல் சீசனில் 28 ஆட்டங்கள்தான் ஆடினார். லேக்கர்ஸுக்குப் போன தேர்வுகளில் ஒன்று, 1979-ல் டிராஃப்டின் முதல் இடமாக மாறியது. அதை வைத்து அவர்கள் எடுத்தது மேஜிக் ஜான்சனை. மராவிச்சுக்கு ஒரு ஜோடி தேடப்போய், ஒரு தலைமுறையின் நாயகனை எதிரணிக்குத் தாரை வார்த்ததுதான் மிச்சம்.

ஆனால், அதே 1976-77 சீசன் மராவிச்சின் உச்சமும்கூட. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 31.1 புள்ளிகள். அந்த சீசனில் என்பிஏ-வின் முதலிடம் அவருக்குத்தான். 1977 பிப்ரவரி 25 அன்று நியூயார்க் நிக்ஸ் அணிக்கு எதிராக 68 புள்ளிகள். அவரைத் தடுக்கும் வேலை வால்ட் ஃபிரேசியருக்கு. தடுப்பாட்டத்தில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர் அவர். மூன்று புள்ளிக் கோடு என்பிஏ-வுக்கு இன்னும் வரவில்லை என்பதை இங்கேயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் நவம்பரில் ஃபிலடெல்ஃபியா அணியோடு நடந்த ஆட்டத்தைப் பார்க்க சூப்பர்டோம் அரங்குக்கு 35,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். என்பிஏ ஆட்டம் ஒன்றுக்கு அன்றுவரை வந்த கூட்டத்தில் அதுவே அதிகம்.

தேவையே இல்லாத ஒரு பாஸ்

1978 ஜனவரி 31. எதிரணி பஃபலோ பிரேவ்ஸ். ஆட்டம் ஏறக்குறைய ஜாஸின் கைக்கு வந்துவிட்டது. மராவிச் காற்றில் எழும்பி, தன் கால்களுக்கு இடையே பந்தை நீண்ட தூரத்துக்குப் பாஸ் செய்தார். கூட்டம் பார்க்க வந்ததே அதைத்தான். தரையில் இறங்கியபோது வலது முழங்கால் தாங்கவில்லை.

சாதாரணமாகக் கையால் தள்ளியிருந்தாலே போதும், பந்து போய்ச் சேர்ந்திருக்கும். அன்று அவர் அந்த வித்தையைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. விமர்சகர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆனால், சிறு வயதிலிருந்து அப்பா சொல்லிக்கொடுத்ததும், 19 லட்சம் டாலர் தேடிவந்ததும், 35,000 பேர் அரங்கை நிரப்பியதும் அந்த வித்தைக்காகத்தானே? அதை மட்டும் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு ஆட அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த சீசனில் 50 ஆட்டங்கள், அடுத்த சீசனில் 49 ஆட்டங்கள். முழங்காலில் கவசம் போட்டுக்கொண்டு ஆடினார். சராசரி 27-லிருந்து 22.6-க்கு வந்தது. பார்க்கும்போது இன்னும் நல்ல எண்தான். ஆனால், சட்டென்று திரும்பி, எதிராளியைத் தாண்டிப்போகும் அந்த முதல் அடி போய்விட்டது. வேகத்தை நம்பி ஆடும் கார்டு வீரருக்கு அதுதான் மூலதனம்.

பெஞ்சில் உட்கார்ந்த 24 ஆட்டங்கள்

1979-ல் ஜாஸ் அணி யூட்டா மாநிலத்துக்கு இடம் மாறியது. புதிய ஊர், புதிய கோச், புதிய கணக்கு. சீசனுக்கு முன்பே, செப்டம்பரில், ஏட்ரியன் டான்ட்லி என்ற இளம் வீரர் அணிக்கு வந்துசேர்ந்தார். புள்ளி எடுக்கும் பொறுப்பு அவர் பக்கம் போனது.

கோச் டாம் நிசால்கியின் விதி எளிமையானது. பயிற்சிக்கு வராதவருக்கு ஆட்டத்தில் இடமில்லை. முழங்கால் காரணமாக மராவிச்சால் தினமும் பயிற்சி செய்ய முடியவில்லை. கோச்சின் பார்வையில் அது எல்லோருக்கும் ஒரே நியாயம். மராவிச்சின் பார்வையில் அது அவமானம். அந்த சீசனில் யூட்டாவுக்காக 17 ஆட்டங்கள்தான் ஆடினார். தொடர்ச்சியாக 24 ஆட்டங்களில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டரை வருடத்துக்கு முன்பு லீகின் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்.

1980 ஜனவரியில் ஜாஸ் அவரை 'வெய்வ்' செய்தது. அதாவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது. ஈடாக எதுவும் வாங்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அவருக்காக எதிர்காலத்தையே கொடுத்த அதே அணிதான் இது.

கோப்பைக்கு ஒரு சீசன் முன்பு

இரண்டு பெரிய அணிகள் அவரை அழைத்தன: ஃபிலடெல்ஃபியா 76-அர்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ். பத்து வருடமாகக் கோப்பையைத் தேடிக்கொண்டிருந்தவர் பாஸ்டனைத் தேர்ந்தெடுத்தார். லேரி பேர்டு அங்கு புதுமுகமாக வந்திருந்த சீசன் அது. அணி 61 வெற்றிகளோடு கொடிகட்டிப் பறந்தது.

மராவிச் மாற்று வீரராக 26 ஆட்டங்களில் இறங்கி, சராசரியாக 11.5 புள்ளிகள் எடுத்தார். ஒரு சின்ன விவரத்தை மட்டும் கவனியுங்கள். மூன்று புள்ளிக் கோடு என்பிஏ-வுக்கு வந்தது அந்த சீசனில்தான். அவர் மொத்தம் 15 முறை முயன்றார், 10 முறை உள்ளே போனது. வாழ்நாள் முழுக்க அவர் ஆடிய ஆட்டத்துக்கு ஏற்ற விதி, அவர் கிளம்பும் நேரத்தில்தான் வந்து சேர்ந்தது.

அரையிறுதியில் பாஸ்டனை ஃபிலடெல்ஃபியா 4-1 என்று வீழ்த்தியது. அவர் வேண்டாம் என்று விட்ட அதே அணி.

அதன் பிறகு வந்த 1980 பிரீ சீசன், பாஸ்டன் வரலாற்றிலேயே பரபரப்பான ஒன்று. ராபர்ட் பாரிஷ் புதிதாக வந்திருந்தார். கெவின் மெக்ஹேலின் ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. மூத்த நட்சத்திரம் டேவ் கோவன்ஸ் திடீரென்று ஓய்வை அறிவித்தார். மராவிச்சின் இடத்தில் டைனி ஆர்ச்சிபால்ட், கிறிஸ் ஃபோர்டு, ஜெரால்ட் ஹெண்டர்சன் என்று வரிசையாக ஆட்கள். எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருந்தது.

மராவிச் அந்தப் போட்டிக்குள் இறங்கவில்லை. சீசன் தொடங்கும் முன்பே ஓய்வை அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனார். 658 ஆட்டங்கள், 15,948 புள்ளிகள், 24.2 சராசரி என்று கணக்கு முடிந்தது. 1981 மே மாதத்தில் செல்டிக்ஸ் ஹூஸ்டனை வென்று சாம்பியன் ஆனது. இன்னும் ஒரு சீசன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் என்ற கேள்வியை ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். ஆனால், அவர் விலகிய நாளில் கோப்பை வரும் என்று யாருக்கும் தெரியாது. முழங்கால் சரியாகாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

பந்தைத் தொடாத வருடங்கள்

ஓய்வுக்குப் பிறகு அவர் ஏறக்குறைய மறைந்தே போனார். லூசியானாவில் மனைவி, குழந்தைகளோடு ஒதுங்கி வாழ்ந்தார். கூடைப்பந்து என்ற பேச்சையே தவிர்த்தார். மனதுக்கு அமைதி தேடி யோகா, இந்து தத்துவம், சைவ உணவு, வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய ஆராய்ச்சி என்று எங்கெங்கோ அலைந்தார். 1982-ல் தீவிர கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வந்தார். குடியை விட்டார். சிறுவர்களுக்கான பயிற்சி முகாம்களை நடத்தினார். அப்பா சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வீடியோக்களாகவும் எடுத்தார். இன்று பந்தைத் தட்டக் கற்றுக்கொள்ளும் பல சிறுவர்கள் அந்தப் பயிற்சிகளைத்தான் செய்கிறார்கள்.

அப்பாவோடு இருந்த பழைய உரசல்களும் தணிந்தன. பிரெஸ் புற்றுநோயில் படுத்தபோது மகன்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். 1987 ஏப்ரலில் பிரெஸ் இறந்தார். அடுத்த மாதமே பீட் மராவிச் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அந்த நாளுக்காகவே வாழ்ந்த மனிதர் அதைப் பார்க்க இல்லை.

1988 ஜனவரி 5: என்ன நடந்தது?

ஒரு வானொலி நிகழ்ச்சிப் பதிவுக்காக அவர் கலிஃபோர்னியாவின் பாசடீனாவுக்குப் போயிருந்தார். பதிவுக்கு முன்பு, காலையில் ஒரு தேவாலயத்தின் உடற்பயிற்சிக் கூடத்தில் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடினார்கள். டிக்கெட் இல்லை, ஸ்கோர் போர்டு இல்லை, அணியில் இடம் பிடிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். திரும்ப எழவில்லை. வயது 40.

1974-ல் ஒரு செய்தியாளரிடம் பேசும்போது, பத்து வருடம் என்பிஏ-வில் ஆடிவிட்டு 40 வயதில் மாரடைப்பில் போய்ச்சேர விருப்பமில்லை என்ற அர்த்தத்தில் அவர் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். சரியாகப் பத்து சீசன் ஆடினார். சரியாக 40 வயதில் போனார்.

பிரேதப் பரிசோதனையில் தெரிந்த விஷயம் மருத்துவர்களையே திகைக்க வைத்தது. நம் இதயத் தசைக்கு இரண்டு கரோனரி தமனிகள் ரத்தம் கொண்டுபோகின்றன. ஒன்று வலது, இன்னொன்று இடது. இதயத்தின் பெரும்பகுதிக்கு, அதுவும் உடல் முழுக்க ரத்தத்தைத் தள்ளும் இடது பக்கத்துக்கு, இடது தமனிதான் முக்கியம். மராவிச்சுக்கு அந்த இடது தமனியே இல்லை. பிறவியிலேயே இல்லை. வலது தமனி பெரிதாகி, 40 வருடம் இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறது.

இப்படிப்பட்ட குறையோடு பிறந்தவர்கள் கடுமையான விளையாட்டில் ஈடுபடுவதே அரிது. இவரோ இரவு பகலாகப் பயிற்சி செய்து, கல்லூரியில் ஓர் ஆட்டத்துக்கு 44 புள்ளி எடுத்து, பத்து சீசன் தொழில்முறையில் ஆடியிருக்கிறார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லையா?

இது இன்று நமக்கு எழும் இயல்பான கேள்வி. ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. மராவிச்சும் பல முறை அதைத் தாண்டி வந்தவர்தான். ஆனால், ஸ்டெதஸ்கோப்பில் தமனி இல்லாதது கேட்காது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இசிஜி-யும் இயல்பாகவே இருக்கலாம். தமனிகளை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆஞ்சியோகிராம் வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத, ஓடியாடும் ஓர் இளைஞருக்கு அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

மொத்தப் பார்வையும் முழங்கால் மேல் இருந்தது. முழங்கால் வலித்தது, வீங்கியது, படத்தில் தெரிந்தது, அணியில் இடத்தையும் பறித்தது. இதயம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

இது அவரோடு முடிந்துவிடவும் இல்லை. 1993 ஜூலையில் பாஸ்டன் செல்டிக்ஸின் கேப்டன் ரெஜி லூயிஸ், சீசன் இல்லாத நேரத்தில் பயிற்சியின்போது இதயப் பிரச்சினையால் சரிந்து இறந்தார். 2005 அக்டோபரில், பிரீ சீசன் நடந்துகொண்டிருந்தபோதே, மராவிச்சின் முதல் அணியான அட்லாண்டா ஹாக்ஸின் ஜேசன் கோலியர் 28 வயதில் இறந்தார். அவருடைய இதயம் அளவுக்கு அதிகமாகப் பெருத்திருந்தது.

அதற்குப் பிறகுதான், 2006-லிருந்து, எல்லா வீரர்களுக்கும் ஒரே மாதிரியான இதயப் பரிசோதனையை என்பிஏ கட்டாயமாக்கியது. இசிஜி-யோடு எக்கோ கார்டியோகிராம் என்ற ஒலி அலைப் பரிசோதனையும் அதில் உண்டு. இதனால் எல்லாக் குறைகளும் பிடிபட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால், முழங்காலையும் கணுக்காலையும் மட்டும் பார்த்துவிட்டு ஒருவரைக் களத்தில் இறக்கிய காலம் போய்விட்டது. ஒரு வீரருக்குப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால், அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் மருத்துவர்கள் சம்மதிக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்று எங்கே இருக்கிறார் மராவிச்?

அவர் இறந்த அதே 1988-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்குக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2022-ல் அதன் வெளியே சிலையும் வைத்தார்கள். 1996-ல் என்பிஏ தன் 50 ஆண்டு நிறைவையொட்டி அறிவித்த மிகச் சிறந்த 50 வீரர்களில் அவரும் ஒருவர். அந்தப் பட்டியல் வெளியானபோது உயிரோடு இல்லாதவர் அவர் மட்டும்தான். விழாவில் அவருடைய இடத்தில் நின்றவர்கள் அவரது இரண்டு மகன்கள்.

அவருக்காக ஆளைக் கொடுத்து, பிறகு அவரை விடுவித்த அணி, அவரைக் கைமாற்றிய அணி என்று இரண்டுமே பிற்காலத்தில் அவருடைய சீருடை எண்ணுக்கு மரியாதை செய்தன. கடைசியாகச் செய்தது அட்லாண்டா, 2017-ல். 44 என்ற எண்ணை அங்கே இனி எந்த வீரரும் அணிய முடியாது. சம்பளத்தைப் பார்த்து மூத்த வீரர்கள் முகம் சுளித்த அந்தப் புதுமுகத்தின் இடத்துக்கு, அந்த ஒரு எண்ணில் மட்டும், இனி போட்டியே கிடையாது.